18 மில்லிமீட்டர் புரட்சி

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சமையல் குறிப்பு.

தேவையான பொருட்கள்: பழனி மலையில் பறித்த ஏதாவது ஒரு செடியின் இலை, நிழலில் உலர்த்திப் பொடித்தது. கொஞ்சம் மெத்தனால். வடிகட்டும் தாள். அகார் ஊற்றி இறுக வைத்த கண்ணாடித் தட்டுகள். நாலைந்து வகை பாக்டீரியா. (கல்லூரி லேபிலேயே இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் கைமாற்று வாங்கலாம்.)

செய்முறை: இலைப் பொடியை மெத்தனாலில் ஊறப் போட்டு, வடிகட்டி, வற்ற விடுங்கள். அடியில் கரும்பச்சையாகப் பிசுக்கென்று ஒரு சாரம் தங்கும். அதை 6 மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டிக் காகித வில்லையில் ஏற்றுங்கள். பஞ்சுக் குச்சியால் பாக்டீரியாவைத் தட்டு முழுக்கச் சீராகத் தடவி, நடுவில் வில்லையை வையுங்கள். 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி. காலையில் பார்த்தால் தட்டு முழுக்க பாக்டீரியா பாலாடை மாதிரிப் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். 18 மில்லிமீட்டர்!

பரிமாறும் முறை: 'இந்தச் செடிக்கு பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் இருப்பது நிரூபணமாகிறது. பழங்குடியினர் இதைப் புண்ணுக்குப் பயன்படுத்துவதன் விஞ்ஞான அடிப்படை உறுதியாகிறது. மேற்கொண்டு ஆய்வுகள் தேவை.' இந்த மூன்று வாக்கியங்களையும் கடைசியில் தூவி ஜர்னலுக்கு அனுப்புங்கள். கட்டுரை ரெடி.

கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி இருக்கிற கல்லூரிகளில் பல வருடங்களாக 'மூலிகை ஆராய்ச்சி' என்ற பெயரில் நடப்பதில் கணிசமான பகுதி இந்தச் செய்முறைதான். செடியின் பெயர் மாறும். இலை போய் வேர் வரும், வேர் போய்ப் பட்டை வரும். மெத்தனால் போய் அசிட்டோன் வரும். கடைசி வாக்கியம் மட்டும் மாறாது: மேற்கொண்டு ஆய்வுகள் தேவை.

அந்த மேற்கொண்டு ஆய்வை யார் செய்வார்கள்? எழுதியவர் செய்வதில்லை, அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார். படித்தவரும் செய்வதில்லை, அவர் தன் செடிக்கு வட்டம் அளந்துகொண்டிருக்கிறார். என் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

இதில் பழனி மலைக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு? கொடைக்கானல் ஏரியைச் சுற்றி சைக்கிள் விட்டுவிட்டு, ஹோம்மேட் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைல பாட்டிலும் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அது ஒரு டூரிஸ்ட் ஸ்பாட். செடி தேடுகிறவர்களுக்கு அது வேறு உலகம். வத்தலக்குண்டு, பழனி பக்கம் அடிவாரத்தில் முள்காடு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு உயரத்தில் காபியும் மலை வாழையும். 2,000 மீட்டரைத் தாண்டினால் சோலைக்காடும் புல்வெளியும். ஒரே பஸ் பயணத்தில் மூன்று நான்கு விதமான காடுகளைப் பார்த்துவிடலாம்.

பெரிய மனுஷர்கள் கால் தேய நடந்த மலையும்கூட. சென்னை பிரசிடென்சி காலேஜில் பேராசிரியராக இருந்த ஃபைசன், 1915-லிருந்து 1920-க்குள் நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி மூன்று பாகமாகப் புத்தகம் போட்டார். செண்பகனூரில் ஆங்லாட் என்ற ஏசு சபைப் பாதிரியார், மலைச் செடிகளை ஒவ்வொன்றாக வாட்டர் கலரில் வரைந்து தள்ளினார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினெட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, 1999-ல் பழனி மலைத் தாவரங்களுக்கென்றே மூன்று பாக நூல் கொண்டுவந்தார். இன்ன செடி, இன்ன இடத்தில், இன்ன தேதியில் எடுத்தது என்று சீட்டு எழுதி, காயவைத்து, தாளில் ஒட்டிப் பாதுகாத்து வைத்த தலைமுறை அது. சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய வட்டக் கட்டுரைகள் பலவற்றில் அந்தக் குறைந்தபட்ச ஒழுங்குகூடக் கிடையாது. சோதித்த செடியின் உலர்ந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்காது. 'உள்ளூர் மக்களிடம் கேட்டு அடையாளம் காணப்பட்டது' என்பதோடு சரி. இது சும்மா சட்டம் பேசுகிற விஷயமில்லைங்க. கடையில் கீழாநெல்லி என்று விற்கிற கட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருப்பதை டிஎன்ஏ சோதனைகளே காட்டியிருக்கின்றன. கைக்கு எட்டுகிற கீழாநெல்லிக்கே இந்தக் கதி என்றால், மலை உச்சியில் பறித்த பெயர் தெரியாத தழைக்கு என்ன உத்தரவாதம்? எந்தச் செடி என்றே நிச்சயமில்லாதபோது அதன் வட்டம் 18 ஆக இருந்தால் என்ன, 28 ஆக இருந்தால் என்ன?

சரி, செடி சரியான செடிதான் என்றே வைத்துக்கொள்வோம். வட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் தரை துடைக்கிற பினாயிலை அந்த வில்லையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரமாதமான வட்டம் வரும். வினிகரும் தன் பங்குக்கு ஒரு வட்டம் போடும். அதற்காக நிமோனியா வந்தவருக்குப் பினாயில் கொடுப்போமா? பாக்டீரியாவைக் கொல்வது ஒரு பெரிய வித்தையே இல்லை. பாக்டீரியாவைக் கொன்று, அது குடியிருக்கிற மனுஷனை விட்டுவைப்பதுதான் வித்தை. அந்த இரண்டாவது பாதியை வட்டம் சோதிப்பதே இல்லை. செடியின் சாரம் மனிதச் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்க வேறு சோதனை வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் அது இல்லை. வேறெங்கே? 'மேற்கொண்டு ஆய்வுகள்' பட்டியலில் இருக்கிறது.

அளவு விஷயம் இன்னும் வேடிக்கை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தட்டின் இன்னொரு ஓரத்தில் நிஜ ஆன்டிபயாடிக் வில்லை ஒன்றை வைப்பார்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஜென்டமைசின் என்றால் 10. நம்ம செடிச் சாரத்தை எவ்வளவு ஏற்றுகிறார்கள்? 500 மைக்ரோகிராம், 1,000 மைக்ரோகிராம், சில சமயம் அதற்கும் மேலே. பிறகு 'எங்கள் மூலிகையின் வட்டம் சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு நிகராக இருந்தது' என்று எழுதுகிறார்கள். ஒருத்தருக்கு ஒரே ஒரு வடையில் பசி அடங்கியது, இன்னொருத்தருக்கு 200 வடையில் அடங்கியது, ஆகவே இரண்டு வடையும் சமம்! எப்படி கணக்கு?

நியாயமாக ஒரு பதில் சொல்வார்கள். 'சாரத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. வேலை செய்வது அதில் ஒரு துளியாக இருக்கலாம். அதை மட்டும் பிரித்தெடுத்தால் சிப்ரோஃப்ளாக்ஸசினையே தூக்கிச் சாப்பிடலாமே?' சாப்பிடலாம்தான். அதனால்தானே ஐயா பிரித்தெடுங்கள் என்கிறோம்! பிரித்தெடுக்காமலே தூக்கிச் சாப்பிட்டதாக எழுதினால் எப்படி?

இன்னொரு கோளாறும் உண்டு. அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் கரைகிற பொருள் அதில் ஊடுருவிப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் வில்லையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பெரிய வட்டம் என்பது வீரியமான பொருளாகவும் இருக்கலாம், சும்மா நன்றாக ஊறிப் பரவுகிற பொருளாகவும் இருக்கலாம். இரண்டு வெவ்வேறு செடிகளின் வட்டத்தை ஸ்கேலில் அளந்து, இது பெரிசு அது சிறிசு என்று பரிசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை. வில்லையே 6 மில்லிமீட்டர். சில அட்டவணைகளில் '7 மில்லிமீட்டர் வட்டம்' என்று பார்க்கும்போது, ஸ்கேல் பிடித்தவரின் கண் பார்வை பற்றித்தான் கவலை வருகிறது.

ஒழுங்கான வழி என்ன? சாரத்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்து, எந்தக் குறைந்தபட்ச அளவில் பாக்டீரியா வளராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டு போதும். ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரியோஸ், ரெசியோ என்ற இருவர் 2005-லேயே கறாராக எழுதினார்கள்: ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்கிற சாரம்தான் கவனிக்கத்தக்கது; 1,000 மைக்ரோகிராமுக்கு மேலே ஊற்றிச் சோதிப்பதையே தவிர்க்க வேண்டும். எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம்மூரில் ஸ்கேல் இன்னும் தேய்ந்தபாடில்லை.

உதாரணத்துக்குக் கொடைக்கானலின் சொந்தச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற இந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு மனு போட்டவர்களில் கொடைக்கானலிலேயே இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் உண்டு. நல்ல காரியம். விவசாயிக்குப் பெயரும் விலையும் கிடைக்க வழி செய்த பல்கலைக்கழகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பூண்டுக்கு பாக்டீரியாவைக் கொல்லும் குணம் உண்டா? சந்தேகமே வேண்டாம். பல்லை நசுக்கியதும் உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் ஒரு கந்தகப் பொருளும் கலந்து 'அல்லிசின்' உண்டாகிறது. மூக்கைத் துளைக்கிறதே அந்த வாசனைக்குக் காரணம் அதுதான். 1944-ல் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைக் கொல்வதையும் காட்டிவிட்டார்கள். தட்டில் வைத்தால் அட்டகாசமான வட்டம்.

அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில் அல்லிசின் ஊசி போடுவதில்லை? அது நிலையில்லாத பொருள். ரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் வேறு பொருளாக மாறிப் போய்விடும். பச்சைப் பூண்டு தின்றவர் ரத்தத்தில் தேடினால் அல்லிசின் அகப்படுவதில்லை. வேக வைத்தால் அந்த நொதியே செத்துவிடும், அல்லிசின் உண்டாகவே உண்டாகாது. ஆக, தட்டில் புலி, உடம்பில் காணவில்லை. பூண்டு ரசத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, சாப்பிடுங்கள், ருசிக்கு ஈடில்லை. சர்க்கரைக்காரர் ஒருவர் காலில் சீழ் வைத்த புண்ணோடு 'பூண்டு ஆன்டிபயாடிக்காம், பேப்பரில் போட்டிருந்தான்' என்று ஒரு வாரம் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒரு வாரத்தில் பாதத்தையே இழக்கலாம். 18 மில்லிமீட்டருக்கு அவர் கொடுக்கிற விலை அது.

வட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது மூலிகை பக்தர்களுக்குப் பிடித்தமான பக்கம். நல்ல மருந்தையும் இந்தச் சோதனை கோட்டை விட்டுவிடும்!

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கஸாண்ட்ரா க்வேவ் என்ற பெண் விஞ்ஞானி இருக்கிறார். இத்தாலியின் கிராமங்களில் தோல் புண்ணுக்குக் கஷ்கொட்டை இலையைக் காய்ச்சிக் கழுவுவார்கள் என்று கேள்விப்பட்டு, அதைச் சோதித்தார். 2015-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. அந்த இலைச் சாரம் ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்லவில்லை. அந்தக் கிருமிகள் ஒன்றுக்கொன்று ரசாயனத்தில் பேசிக்கொண்டு, கூட்டம் சேர்ந்ததும் விஷத்தை வெளியிடும். அந்தப் பேச்சை இலைச் சாரம் தடுத்துவிட்டது. கிருமி உயிரோடுதான் இருக்கிறது, பல் மட்டும் பிடுங்கப்பட்டுவிட்டது. நம் செய்முறைப்படி சோதித்திருந்தால்? வட்டம் பூஜ்யம். 'இந்த இலைக்கு ஆற்றல் இல்லை' என்று குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பளியர் ஒருவர் புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற தழை இப்படி வேறு வழியில் வேலை செய்கிறதோ என்னவோ, ஸ்கேலுக்கு எப்படித் தெரியும்?

செடி தனியாக ஒரே பொருளை வைத்துச் சண்டை போடுவதுமில்லை. மரமஞ்சள் தெரியுமில்லையா? அந்த மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற பொருளால் வருகிறது. நீலகிரி, பழனி மலைகளில் வளர்கிற ஊசிக்களா இனச் செடிகளிலும் அது உண்டு. தனியாகப் பார்த்தால் பெர்பெரின் ரொம்ப சுமாரான கிருமிக்கொல்லி. கிருமி அதைத் தன் செல்லிலிருந்து பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். 2000-ல் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் அமெரிக்காவில் வளர்கிற இதே இனச் செடிகளில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? பெர்பெரினோடு அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளையும் செடி சேர்த்தே தயாரிக்கிறது! அந்த இரண்டாவது பொருளுக்குத் தனியாக வட்டம் கிடையாது. இரண்டையும் சேர்த்தால்தான் கதை. இதெல்லாம் ஸ்கேல் வேலையில் வருமா?

'அப்படியென்றால் பெரிய பெரிய மருந்தெல்லாம் எப்படி வந்தது? பெனிசிலினே ஒரு வட்டத்தில்தானே ஆரம்பித்தது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1928-ல் ஃபிளெமிங் பார்த்தது வட்டம்தான். 1929-ல் கட்டுரையும் எழுதினார். அப்புறம்? பத்து வருஷம் அந்த வட்டம் தூங்கியது. 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியின் குழு எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஊசியில் ஏற்றி, அதில் நாலுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தது. மறுநாள் காலை நாலு எலி பிழைத்திருந்தது, நாலு செத்துக் கிடந்தது. பெனிசிலின் மருந்தானது அன்றைக்குத்தான். நாம் எல்லோரும் ஃபிளெமிங் ஆகப் பார்க்கிறோம். ஃப்ளோரி ஆக ஆளில்லை.

அது பூஞ்சை, செடிக்கு உதாரணம் சொல் என்றால், சீனாவின் து யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேட உட்கார்ந்தார். அவர் குழு அலசியது 2,000-க்கும் மேற்பட்ட மூலிகைக் குறிப்புகள். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாரங்கள் எடுத்து, மலேரியா வந்த எலிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மூலிகை முதலில் நன்றாக வேலை செய்தது, மறுபடி செய்தால் செய்யவில்லை. நம்ம ஊராக இருந்தால் முதல் முடிவை மட்டும் போட்டுக் கட்டுரை முடிந்திருக்கும்! அவர் பழைய ஏட்டுக்குத் திரும்பிப் போனார். 1,600 வருஷத்துக்கு முந்தைய ஒரு மருத்துவக் குறிப்பில், அந்தத் தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. அடடா, சூட்டில் மருந்து கெடுகிறது! குறைந்த சூட்டில் ஈதரை வைத்து எடுத்தார். 1971 அக்டோபரில் எடுத்த சாரம் எலிகளில் முழுசாக வேலை செய்தது. 1972-ல் தானே குடித்துப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு.

கவனியுங்கள், பாட்டன் முப்பாட்டன் எப்படிச் செய்தான் என்பதை அவர் மதித்துப் படித்தார். நம் கட்டுரைகளில் 'இலையை அரைத்துப் புண்ணில் பூசுவார்கள்' என்று பளியரைப் பற்றி ஒரு வரி. அடுத்த பாராவில் மெத்தனால். பச்சையாக அரைப்பார்களா, வதக்கியா, எண்ணெயிலா, எத்தனை நாள் கட்டுவார்கள், கூட வேறென்ன சேர்ப்பார்கள்? எந்தக் கேள்வியும் இல்லை. எந்தப் பளியர் வீட்டில் மெத்தனால் இருக்கிறது? பிறகு எந்தத் தைரியத்தில் 'பழங்குடியினரின் பயன்பாடு உறுதியாகிறது' என்று எழுதுகிறார்கள்? சோதித்தது அவர்களுடைய மருந்தையே இல்லையே!

இவ்வளவு கோபம் எதற்கு, யாரோ நாலு பேர் பட்டம் வாங்கிவிட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? 2010-ல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஞாபகமிருக்கிறதா? சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியர். கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையே செல்லாக்காசாக்குகிற என்டிஎம்-1 என்ற மரபணு கொண்ட கிருமிகளை, சென்னையில் எடுத்த மாதிரிகளில் மட்டும் 44-ல் கண்டுபிடித்திருந்தார்கள். பெயரில் 'நியூடெல்லி' இருக்கிறதே என்று நம் அரசியல்வாதிகள் சண்டை போட்டார்கள். கிருமி அதைக் கண்டுகொள்ளவில்லை. 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆபரேஷன், பிரசவம், கீமோதெரபி எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் நடக்கிறவை. புது மருந்து நிஜமாகவே வேண்டியிருக்கிறது. இப்போது கைவசம் இருக்கிற ஆன்டிபயாடிக்குகள் ஏறக்குறைய எல்லாமே பூஞ்சையிலிருந்தும், மண் பாக்டீரியாவிலிருந்தும், கெமிஸ்ட்ரி லேபிலிருந்தும் வந்தவை. செடிகளின் வாசலை யாரும் இன்னும் சரியாகத் தட்டவில்லை. தட்ட வேண்டிய இடத்தில், பழனி மலை மாதிரி ஒரு பொக்கிஷத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, நாம் ஸ்கேல் வைத்து விளையாடுகிறோம்.

மாணவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர்களை இந்தச் சக்கரத்தில் கட்டிவிட்டது யார்? 2009-ல் பிஎச்.டி. சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று யுஜிசி விதி போட்டது. 2010-ல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை மார்க் என்று பாயின்ட் கணக்கு வந்தது. கேட்கணுமா? பணம் கொடுத்தால் எதையும் அச்சடிக்கிற ஜர்னல்கள் புற்றீசலாகக் கிளம்பின. 2018 மே மாதம் யுஜிசியே தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரே வீச்சில் தூக்கியது. 2022-ல் பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. குறைந்த செலவில், குறைந்த நாளில், தோல்வியே வராத ஒரு சோதனை கையில் இருக்கும்போது எந்த கைடு அதை விடுவார்?

பளியர்கள் பக்கம் வருவோம். 1908-லேயே டாமன் என்ற பாதிரியார் இவர்களைப் பற்றி ஒரு சர்வதேச இதழில் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர்களைக் கேட்டு எழுதியவர்கள் ஏராளம். எழுதியவர் பெயருக்குப் பின்னால் முனைவர் பட்டம் ஒட்டிக்கொண்டது. சொன்னவர், கட்டுரையில் 'தகவலாளர்' ஆனார். பெயர்கூட இல்லை.

பக்கத்துக் கேரளாவில் வேறு மாதிரி நடந்தது. 1987-ல் அகத்திய மலைக் காட்டில் விஞ்ஞானி புஷ்பாங்கதன் குழுவுக்கு வழிகாட்டப் போன காணிக்காரர்கள், ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கிற தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய், மேற்கொண்டு விற்பனையில் 2 சதவிகிதம். அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென்று டிரஸ்ட் அமைந்தது. எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். இலை பறிப்பதில் வனத்துறையோடு தகராறு வந்தது, காணிகளுக்குள்ளேயே எல்லோருக்கும் திருப்தி இல்லை. ஆனாலும் சொன்னவனுக்குப் பங்கு உண்டு என்று ஒரு கணக்காவது எழுதப்பட்டதே!

சட்டமும் இல்லாமல் இல்லை. 2002-ல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. அதன் தேசிய ஆணையத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, நம்ம சென்னையில்தான். 2006 வன உரிமைச் சட்டம், மரபு அறிவின் மீது காட்டுவாசிச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. ஆனால் வெறும் ஆராய்ச்சி என்றால் இந்தியர் யாரும் ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பட்டம் ஆராய்ச்சிதானே, வியாபாரம் இல்லையே! 2023-ல் சட்டத்தைத் திருத்தி, ஏட்டில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சலுகை கொடுத்தார்கள். பளியருக்கு ஏடு ஏது?

'நீ மூலிகைக்கு எதிரி, அலோபதி ஏஜென்ட்' என்று கடிதம் போடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: மூலிகையை உண்மையில் மதிக்கிறவர் அதை முழுசாகச் சோதிப்பார். பாதி வழியில் மாலை போட்டுவிட்டுப் போகிறவர்தான் எதிரி.

'சின்னக் கல்லூரி, காசுக்கு எங்கே போவது?' என்பது நிஜமான கஷ்டம். ஒவ்வொரு கல்லூரியும் எலி வளர்க்க வேண்டாம், விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டாம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஒரு ஏற்பாடு செய்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்த வேதியியல்காரர் தன் பொருளை அனுப்பினாலும், கொடிய கிருமிகள் மீதும் மனிதச் செல்கள் மீதும் இலவசமாகச் சோதித்து முடிவை அனுப்பும் திட்டம். அது மாதிரி தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு பொது லேப் போதும். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வையுங்கள். கல்லூரிகள் ஒழுங்காக அடையாளம் கண்ட செடியின் சாரத்தை அனுப்பட்டும். ஆஸ்பத்திரியில் நிஜமாகவே ஆட்டம் காட்டுகிற கிருமியின் மீது, ஒரே முறையில், ஒரே அளவில் சோதிக்கட்டும். தேறுவதை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். தேறாததையும் பொதுவில் பதிவு செய்யட்டும், இன்னொரு மாணவி அதே செடியைத் தேடி மலை ஏறி வேரோடு பிடுங்காமல் இருக்க. 'வேலை செய்யவில்லை' என்று நேர்மையாக எழுதின ஆய்வேட்டுக்கும் பட்டம் கொடுங்கள். வட்டம் அளப்பதை பி.எஸ்ஸி. பிராக்டிகலில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பு என்று அச்சடிக்காதீர்கள். செடியைக் காட்டிய பளியரின் சம்மதத்தோடு அவர் பெயரைக் கட்டுரையில் போடுங்கள். முடிவைத் தமிழில் நாலு பக்கம் எழுதி அந்தக் குடியிருப்பிலேயே போய்ப் படித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'கொடைக்கானல் மூலிகையில் புதிய ஆன்டிபயாடிக்: பேராசிரியர் சாதனை' என்ற தலைப்பு சீக்கிரமே கண்ணில் படும். பட்டதும் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு நாலு கேள்வி எழுதிப் போடுங்கள். எத்தனை மைக்ரோகிராமில் வேலை செய்தது? தட்டிலா, எலியிலா, மனுஷனிலா? மனிதச் செல்லுக்கு என்ன ஆயிற்று? செடியைக் காட்டினவர் பெயர் என்ன?